புக்கிட் தீமா ரயில் பாலங்கள்: சாயத்துக்குள் ஒளியும் துரு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் உள்ள இரண்டு பழைய ரயில் பாலங்களும் 1932ல் தஞ்சோங் பகார் நிலையம் திறந்தபோது ஓடத் தொடங்கிய தடத்தைச் சேர்ந்தவை. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு அங்கு ரயில் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்தபோது இந்தப் பாலங்களை விட்டுவைத்து, பிறகு பழுதுபார்த்து நடைபாதையாகவும் ஆக்கினார்கள். மனதார வரவேற்க வேண்டிய காரியம். ஆனால், இத்தகைய பாலத்தை ஒருமுறை சரிசெய்து சாயம் பூசிவிட்டால் வேலை முடியாது.

முக்கோணச் சட்டங்களால் கட்டிய பாலத்தில் முதலில் கெடுவது மூட்டுகள்தான். அங்கே தகட்டின் மேல் தகடு வைத்து, இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் ரிவெட் என்ற ஆணியை அடித்திருக்கும். அந்த இடுக்கில் இறங்கிய மழைநீர் எளிதில் காயாது. இலைச்சருகு சேர்ந்தால் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்தே தகடுகளை நெம்பி, கடைசியில் ரிவெட் தலையைத் தெறிக்க வைக்கும். மேலே சாயம் பளபளவென்று இருக்கும்போதே இது நடக்கும். ரயிலின் பாரம் இப்போது இல்லையே என்று நிம்மதி கொள்ள முடியாது. துருவுக்குப் பாரம் தேவையில்லை.

ரிவெட் தலைக்குக் கீழே பழுப்புக் கோடு வழிந்திருந்தால் அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு தலையின் மறுபக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால், தளர்ந்த ரிவெட் விரலில் அதிரும். அதை எடுத்துவிட்டு உயர்வலு போல்ட் போடலாம். உலோகத்தைச் சோதிக்காமல் வெல்டிங் வைப்பது ஆபத்து: பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரசும் அதிகமாக இருந்தால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

பாலத்தின் முனை உட்காரும் தாங்கிகளை யாரும் படம் எடுப்பதில்லை. 45 மீட்டர் எஃகுப் பாலம், வெப்பம் 20 பாகை கூடினால் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நீளும். அதற்காகவே ஒரு முனையை நகரும்படி வைப்பார்கள். மண்ணும் சருகும் அடைத்து அது இறுகிவிட்டால், அந்த விசை முழுவதும் கீழே உள்ள சுவரில் இறங்கி காங்கிரீட்டைப் பிளக்கும். ஒரு துடைப்பமும் தண்ணீர்க் குழாயும் மாதம் ஒருமுறை அங்கே போனால் பெரும் செலவு மிச்சம்.

மறுபடி சாயம் பூசும்போது நம் ஊர்க் காற்றை மறக்கக்கூடாது. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழும், இரும்பின் வெப்பம் பனி படியும் நிலையைவிடக் குறைந்தது 3 பாகை மேலும் இருக்க வேண்டும். காலையில் இது பெரும்பாலும் கிடைக்காது. ஈரத்தின் மேல் பூசியது கொப்புளித்து உரியும். ரிவெட் தலைகளிலும் விளிம்புகளிலும் சாயம் மெலிந்துவிடுவதால் அவற்றுக்கு முதலில் தூரிகையால் தனிப் பூச்சு கொடுத்த பிறகே முழுப் பாலத்துக்கும் அடிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் கலப்பது வழக்கம் என்பதால், சுரண்டுமுன் அதையும் சோதித்து, தூசு கீழே சாலையில் விழாதபடி மூடிக்கொள்வது அவசியம்.

ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிப்போன தடத்தில், உலு பாண்டான் ஆற்றின் மேல் நிற்கும் இரும்புப் பாலத்துக்கும் இதே கவனிப்பு வேண்டும். கீழே தண்ணீர் இருப்பதால் அங்கே அடிப்பக்கத்தை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
புக்கிட் பாஞ்சாங் வாசகர்