மோட்டார் காயில் கட்டுவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது. காப்பர் கம்பி விலை ஏறியதால் கூலிப் பட்டியலைத் திருத்தினோம்.

அப்புறம், ஞாயிறு வகுப்பு. என் பொறுப்பில் நடந்தது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். நாம் தினமும் பிரித்துக் கட்டுகிற மோட்டாருக்கு வழிகாட்டிய நிகோலா டெஸ்லாவைப் பற்றி ஆறு மாதம் வகுப்பு எடுத்தேன். "காயில் கட்டுறவனுக்குக் கதை எதுக்கு?" என்று சிலர் கேட்டார்கள். முதல் நாள், சுழலும் பகுதியான ரோட்டரைக் கழற்றிவிட்டு, காயில் கட்டிய நிலையான வெளிப்பகுதியான ஒரு ஸ்டேட்டருக்குக் குறைந்த வோல்டேஜில் மூன்று பேஸும் கொடுத்து, உள்ளே ஒரு பேரிங் குண்டைப் போட்டேன். குண்டு உள்சுவரை ஒட்டிக் கரகரவென்று சுற்றியது. இரண்டு வயரை மாற்றிக் கொடுத்ததும் எதிர்ப்பக்கம் சுற்றியது. காயில் சரியா என்று பார்க்க நாம் செய்கிற சோதனைதான். அந்தக் குண்டைச் சுற்ற வைக்கும் சுழல் காந்தப்புலம்தான் 1882-இல் புடாபெஸ்ட் பூங்காவில் நண்பரோடு நடந்துகொண்டிருந்த டெஸ்லாவுக்குப் பிடிபட்டது. குச்சியால் மண்ணிலேயே படம் போட்டுக் காட்டியதாக அவரே எழுதியிருக்கிறார்.

அதற்கு முன்பே, கிராட்ஸ் நகரில் படிக்கும்போது, சுழலும் காயிலில் கரண்டின் திசையை மாற்றிவிடும் செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டரில், பிரஷ் உரசும் இடத்தில் பொறி பறப்பதைப் பார்த்து, இது இல்லாமல் ஓட்ட முடியாதா என்று கேட்டவர் அவர். முடியாது என்றார் பேராசிரியர். கார்பன் பிரஷ் மாற்றியே விரல் கறுத்த நமக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும். 1884-இல் நியூயார்க் போனார். தொடங்கிய கம்பெனியில் பங்காளிகள் கைவிட்டதும், நாளுக்கு 2 டாலர் கூலிக்குக் குழி வெட்டினார். 1888 மே மாதம் கம்யூட்டேட்டர் இல்லாத அவருடைய மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது; அதே ஆண்டு அமெரிக்கத் தொழிலதிபர் வெஸ்டிங்ஹவுஸ் அதை உரிமைத்தொகை கொடுத்து எடுத்துக்கொண்டார். இத்தாலியில் ஃபெராரிஸ் என்ற விஞ்ஞானியும் தனியாக இதே இடத்துக்கு வந்திருந்தார். நாம் கட்டுகிற மூன்று பேஸ் கூண்டு ரோட்டர் (கூண்டு போலக் கம்பிகள் கோத்த ரோட்டர்) மோட்டார் 1889-இல் டொலிவோ-டொப்ரவோல்ஸ்கி என்ற பொறியாளர் செய்தது. அவர்களுக்குரியதையும் வகுப்பில் சொன்னேன்.

ஒரு கடைப் பையன், "4 போல் மோட்டார் 1500 ஓடாம 1440-லயே ஏண்ணா நிக்குது?" என்று கேட்டான். நிமிடத்துக்கு 1500 சுற்று என்பது ஸ்டேட்டரில் சுழலும் காந்தப்புலத்தின் வேகம்; அதை ரோட்டர் எட்டிப் பிடித்துவிட்டால் அதன் கம்பிகளில் கரண்டே பிறக்காது, இழுவையும் இருக்காது என்றேன். அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது ஆறு மாத அலைச்சலும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

முதல் வகுப்புக்கு 31 பேர் வந்தார்கள். 1943 ஜனவரி 7 அன்று நியூயார்க் ஓட்டல் அறையில் டெஸ்லா தனியாக இறந்ததைச் சொன்ன கடைசி வகுப்புக்கு 9 பேர். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்கிறார்கள். சரி, எனக்கும் கடை இருக்கிறது, பூட்டிவிட்டுத்தான் வந்தேன். வராதவர்களில் பலர் சந்தாவும் கட்டவில்லை. மூன்று ஆண்டு பாக்கி வைத்தவர்கள்கூட, வேலை கொடுத்த பார்ட்டியோடு தகராறு என்றால் முதலில் சங்கத்துக்குத்தான் போன் செய்கிறார்கள். நாமும் போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் அறை வாடகையை யார் கட்டுவது?

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செலவு ஏறக்குறைய வரவை ஒட்டியே இருந்தது. விழுந்த துண்டை நன்கொடையால் சரிக்கட்டினோம். ஸ்டேட்டர் என் கடையுடையது. வயர், படத்தாள் செலவுக்கான பில்கள் கோப்பில் இருக்கின்றன.

இடம் தந்தவருக்கும், நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வகுப்பில், மின்தூண்டலைக் கண்டுபிடித்த ஃபாரடேயை எடுக்க ஆசை. ஆட்கள் வந்தால்தான் முடியும். வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். அதுவரை ஸ்டேட்டரும் குண்டும் சங்க அறை மேஜையில்தான் இருக்கும். சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது.