சனிக்கிழமைப் பொட்டலங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்த செய்தியை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். தாத்தா ஆனதும் வேறு வேலை இல்லை போல. இங்கே எல்லாரும் சுகம்.

கோயில் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை இரவுகளில் பினாங்கில் கொம்தார் கோபுரம் பக்கம் தெருவில் படுப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சனிக்கிழமை இரவு இங்கே கோத்தா ராயா பக்கம் வந்து பார். ஒரே ஆளுக்குப் பக்கத்தில் நாலு பொட்டலம் இருக்கும்: நாசி லெமாக், பிரியாணி, மீ கோரேங், இன்னொரு பிரியாணி. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை போனால் அதே ஆள் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்.

2014இல் இங்கே லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு கொடுக்கக்கூடாது என்று அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் சொன்னதும் ஊரே கொதித்ததே, ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் பின்வாங்கினார்கள். அந்தத் தடை தப்புதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் சண்டை முழுக்கச் சாப்பாட்டிலேயே நின்றது. சாப்பிட்டவன் எங்கே படுப்பான் என்ற பேச்சு பின்னால்தான் வந்தது.

எங்கள் கோயில்காரர்களுக்குப் பழக்கமான ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பேர் வேண்டாம். பேராக்கில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். செக்யூரிட்டி வேலை, கம்பெனி கொடுத்த அறையில் தங்கல். குத்தகை கைமாறியதும் வேலையும் அறையும் ஒரே நாளில் போயின. கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் தூங்கும்போது எவனோ பையைத் தூக்கிவிட்டான், உள்ளே ஐசி, அதாவது அடையாள அட்டை. ஐசி இல்லாமல் எவன் வேலை கொடுப்பான்? திருட்டுப் போனதென்று போலீஸ் ரிப்போர்ட் இருந்தால் புது ஐசிக்குத் தண்டம் கிடையாது. ஆனால் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே அவருக்குப் பயம். 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டப்படி தெருவில் கிடப்பவரைப் பிடித்துக்கொண்டு போகலாம், மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டால் நலக் காப்பகத்தில் மூன்று வருஷம் வரைக்கும் வைக்கலாம். நல இலாகா வேனைப் பார்த்தாலே இவர்கள் ஓடுவது இதனால்தான்.

நம்ம பையன் ஒருவன் கூடவே போய் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தான். அப்புறம் பதிவு இலாகா. தெரிந்த சாப்பாட்டுக் கடையில் வேலையும் அமைந்தது. அறைதான் இழுத்தடித்தது. கடைவீட்டு மாடியில் ஒரு சீனப் பாட்டி இரண்டு மாத டெபாசிட் கேட்டார். கோயில் நிதியிலிருந்து பாட்டி கையிலேயே கட்டினோம். மாத வாடகை அந்த ஆளின் பொறுப்பு. பாட்டி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏதாவது தகராறு வந்தால் நான் யாருக்குப் போன் பண்ணுவது?" ஒரு நம்பர் கொடுத்தோம். கொஞ்ச நாள் கழித்து அந்த நம்பருக்கு அவரே கூப்பிட்டார், இன்னொரு அறை காலியாகிறதாம், ஆள் இருக்கிறதா என்று!

இதில் எந்தத் துண்டையும் தனி ஒருவர் செய்திருக்க முடியாது. 2020 மார்ச்சில் கோவிட்டால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இங்கே தெருவில் இருந்தவர்களை மண்டபங்களில் தங்கவைத்து, உடம்பைப் பரிசோதித்து, சிலருக்கு வேலையும் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரே கூரைக்குள் எல்லாரும் வந்தால் காரியம் நடக்கிறது. அதற்கு ஒரு கிருமி வர வேண்டியிருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

தெருவுக்கு வந்தபின் தூக்கிவிடுவதைவிட, வரும் முன்பே பிடித்துக்கொள்வது சுலபம். லெபோ குயினில் உங்கள் மாடி வீடு போன கதை உனக்கே தெரியும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997இல் ரத்துசெய்து, 1999 கடைசி வரை அவகாசம் கொடுத்தார்கள். 2000 பிறந்ததும் ஜார்ஜ் டவுனில் வாடகை எகிறியது. உங்களுக்கு ஆயர் ஈத்தாமில் மாமா இருந்தார், பிழைத்தீர்கள். கீழ்க்கடைத் தையல்காரருக்கு யார் இருந்தார்? வீட்டுக்காரனிடம் நாலு பேர் போய் ஆறு மாதத் தவணை கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம், யாரும் போகவில்லை.

எந்த மகன் அப்பாவை வெளியே போகச் சொன்னான், யாருக்கு வாடகை பாக்கி என்பதெல்லாம் நலத்துறைக்கு முன்னால் கோயிலுக்குத்தான் தெரியவரும். இங்கே பிபிஆர் என்னும் அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடியில் மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்). நாலு மாதப் பாக்கி 496. உங்கள் பையன்கள் ஒரு சனிக்கிழமைப் பிரியாணிக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவழிப்பார்கள்.

அதனால் முதலில் கொம்தார் பக்கம் ஏற்கெனவே கொடுப்பவர்களைத் தேடிப் போ. மசூதிக்காரர்கள், சர்ச், சீனக் கோயில், யாராக இருந்தாலும் சரி. ஆளுக்கு ஒரு கிழமை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணம் டெபாசிட்டுக்கும் பாக்கிக்கும் போகட்டும். யார், என்ன வேண்டும், யார் கவனிக்கிறார் என்று ஒரே பட்டியல் போதும். அந்த ஆள் சம்மதித்தால் மட்டும் பெயர் எழுதுங்கள், படம் எடுக்கவே வேண்டாம்.

நாங்கள் கணக்கு எழுதும் தாளின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பொருளாளரிடம் காட்டு. டெபாசிட் என்பது பெரும்பாலும் திரும்பி வரும் பணம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடு; இல்லாவிட்டால் ஆண்டுக் கூட்டத்தில் உன்னைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள். தைப்பூசத்துக்கு உங்கள் ஊர்த் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வருகிறேன், மீதியை நேரில் பேசலாம்.

உன் நண்பன்