நூறு வயது இளவரசன்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். ஜெர்மானியக் கலைஞர் லோத்தே ரைனிகரின் நிழலுருவ அனிமேஷன் படமான ‘இளவரசன் அகமதுவின் சாகசங்கள்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1926 மே 2 அன்று, பெர்லினில். நூறு வருஷம் ஆகிவிட்டது. இந்த நூற்றாண்டை ஒட்டி நீங்கள் அந்தப் படத்தைத் திரையிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். எப்படித் திரையிட வேண்டும் என்பதிலும் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் சங்கங்களில் பெர்க்மனுக்கு விழா எடுக்கிறோம், குரோசவாவுக்கு எடுக்கிறோம், ஈரானியப் படங்களை வரிசை கட்டிப் போடுகிறோம். அனிமேஷன் என்று வந்துவிட்டால் மட்டும் ‘கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் போடலாம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். போட்டாலும், அறிமுகம் செய்பவர் மைக்கைப் பிடித்ததும் 1937ல் வந்த டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’தான் உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் என்று ஆரம்பிப்பார். அதற்குப் பதினோரு வருஷம் முன்பே, சுமார் 65 நிமிடம் ஓடும் ஒரு படத்தை ஒரு பெண் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி எடுத்து முடித்துவிட்டார். அதற்காக நீங்கள் இதை ‘உலகின் முதல்’ என்று போஸ்டரில் போட்டுவிட வேண்டாம். அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி 1917லேயே ஒன்றை எடுத்திருக்கிறார், அது அழிந்துவிட்டது. இன்று நம் கையில் இருப்பவற்றிலேயே பழையது ரைனிகருடையது. அந்த அளவுக்குச் சொன்னால் போதும்.

படம் எடுக்கப்பட்ட கதையே சுவாரசியமானது. 1923ல் ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடியது. காலையில் இருந்த பணத்தின் மதிப்பு மாலையில் இல்லை. லூயி ஹாகன் என்ற வங்கிக்காரர், பணத்தைப் பணமாக வைத்திருந்தால் கரைந்துவிடும் என்று நினைத்துப் படச்சுருளாக வாங்கிக் குவித்திருந்தார். ரைனிகரிடம் அவரே கேட்டார்: இதை வைத்து முழுநீளப் படம் ஒன்று செய்ய முடியுமா? ரைனிகருக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறைந்ததோ இல்லையோ. போட்ஸ்டாமில் ஹாகனின் வீட்டை ஒட்டி இருந்த கார் கொட்டகைக்கு மேலே பட்டறை போட்டார்கள். கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களை வெட்டி, மூட்டுக்கு மூட்டு கம்பியால் இணைத்து, கண்ணாடி மேசையில் படுக்க வைத்து, கீழிருந்து விளக்கைப் போட்டு, மேலே கேமராவைத் தொங்கவிட்டார்கள். உருவத்தை மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். மூன்று வருஷம் இதே வேலை. கேமராவைக் கவனித்துக்கொண்டவர் கணவர் கார்ல் கோக். மந்திர மாயக் காட்சிகளுக்கு வால்டர் ருட்மான், கடலலை போன்றவற்றுக்கு பெர்தோல்ட் பார்தோஷ் என்று உடன் நின்றவர்களும் சாதாரண ஆட்கள் அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடிகளை அடுக்கி, முன்னே மரம், நடுவே ஆள், பின்னே மலை என்று ஆழம் காட்டும் உத்தியை இந்தப் பட்டறையில் டிஸ்னிக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். ஹாகனின் மகன் பிற்பாடு லண்டனில் ரைனிகரின் தேவதைக் கதைப் படங்களைத் தயாரித்தார். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அச்சடிக்கப்போகும் அறிமுகத் தாளில் ‘ஆயிரத்தொரு இரவுகள் என்ற அரபுக் கதைத் தொகுப்பைத் தழுவியது’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரிக்குக் கீழே இன்னொரு பெயரையும் நீங்கள் போட வேண்டும்: ஹன்னா தியாப்.

இவர் சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரர். மாரோனைட் கிறித்தவர். ஒரு பிரெஞ்சுப் பயணிக்கு உதவியாளாக ஒட்டிக்கொண்டு பாரிஸ் வரைக்கும் வந்துவிட்டார். அந்தச் சமயத்தில் அந்த்வான் காலாந் என்ற அறிஞர் ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். 1704ல் தொடங்கிய நூல் வரிசை சக்கைப்போடு போட்டது. ஆனால் அவரிடம் இருந்த அரபுக் கையெழுத்துப் பிரதியில் கதைகள் தீர்ந்துவிட்டன. 1709ல் இருவரும் சந்தித்தார்கள். ஹன்னா கதை சொல்லச் சொல்ல, காலாந் தன் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டார். அலாவுதீன் கதை அப்படி வந்ததுதான். அலிபாபா அப்படி வந்ததுதான். இளவரசர் அகமதுவும் தேவதை பரி பானுவும் அப்படி வந்தவர்கள்தான். அலாவுதீனுக்கும் அகமதுவுக்கும் காலாந்துக்கு முந்தைய அரபு மூலம் என்று எதுவும் கிடைக்கவில்லை. பறக்கும் கருங்காலிக் குதிரையைக்கூட காலாந்துக்குச் சொன்னவர் ஹன்னாதான், ஆனால் அந்தக் கதைக்கு அரபுப் பிரதிகளும் உண்டு. ஆக, ரைனிகரின் படத்தில் பறக்கும் குதிரையையும் அகமதுவையும் அலாவுதீனையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? படத்தின் பெரும்பகுதி அந்த ஒரு மனிதனின் வாயிலிருந்து வந்தது.

காலாந் அச்சிட்ட தொகுதிகளில் எங்கேயும் ஹன்னாவின் பெயர் கிடையாது. நாட்குறிப்பில் மட்டும் இருந்தது. ஹன்னா தன் பயணத்தைப் பற்றித் தானே எழுதிய கையெழுத்துப் பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்து, நம் காலத்தில்தான் வெளியே வந்து அச்சேறியது. 1926ல் ரைனிகர் இதைத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, அவரைக் குறை சொல்ல மாட்டேன். நமக்குத் தெரியும் அல்லவா? தெரிந்தும் பெயரைப் போடாமல் விட்டால் அது நம் சோம்பேறித்தனம். ஒரு வரிதான், மை அதிகம் செலவாகாது.

படத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள். கலீபாவின் பிறந்தநாளுக்கு ஒரு மந்திரவாதி பறக்கும் குதிரையைக் கொண்டுவருகிறான். விலையாக அவன் கேட்பது கலீபாவின் மகளை. இளவரசன் குதிரையில் ஏறிவிடுகிறான், இறங்கத் தெரியவில்லை. வாக்-வாக் தீவில் போய் விழுகிறான், பரி பானுவைப் பார்க்கிறான், அப்புறம் சீனம், பூதங்கள், அலாவுதீனின் விளக்கு என்று போகிறது. தலைப்பில் இளவரசன் இருந்தாலும் என் ஓட்டு தீமலைச் சூனியக்காரிக்குத்தான். குட்டையாக, உருண்டு திரண்டு, பார்க்க அகோரமாக இருப்பாள். படத்தில் உருப்படியான காரியம் எல்லாவற்றையும் அவள்தான் செய்கிறாள். அவளுக்கும் மந்திரவாதிக்கும் நடக்கும் சண்டையில் இருவரும் மாறி மாறி உருவெடுக்கிறார்கள். சிங்கம் என்றால் பாம்பு, தேள் என்றால் சேவல். ஆயிரத்தொரு இரவுகளில் ஒற்றைக் கண் துறவி ஒருவர் சொல்லும் கதையில் இதற்கு மூலம் இருக்கிறது. அங்கே பூதத்தோடு இப்படிச் சண்டை போடுபவள் ஓர் அரசகுமாரி. ஜெயிக்கிறாள், ஆனால் அந்த நெருப்பிலேயே சாம்பலாகிவிடுகிறாள். ரைனிகர் அந்தச் சண்டையைத் தூக்கிச் சூனியக்காரி கையில் கொடுத்து, அவளை உயிரோடும் அனுப்பிவைத்தார். தழுவல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எல்லாமே இனிப்பு என்று நான் சொல்லவில்லை. குளித்துக்கொண்டிருக்கும் பரி பானுவின் இறகு ஆடையை இளவரசன் எடுத்து ஒளித்துவைத்து, அவளைத் தூக்கிக்கொண்டும் போகிறான். படம் அதைக் காதல் என்கிறது. ஆப்பிரிக்க மந்திரவாதியின் நகங்களிலும் சீன அரசவையின் கூன் முதுகிலும் அன்றைய ஐரோப்பா கிழக்கை எப்படிப் பார்த்தது என்பது அப்படியே தெரியும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால், படம் முடிந்ததும் பதினைந்து நிமிடம் இதைப் பேசுங்கள். அதற்காகக் காட்சியை வெட்ட வேண்டாம். நம் ஊரில் வெட்டுவது சுலபம், பேசுவதுதான் கஷ்டம்.

எந்தப் பிரதியைப் போடுவது என்பது அடுத்த பிடிவாதம். இணையத்தில் சும்மா கிடைக்கிறதே என்று எதையாவது இறக்கிப் போடாதீர்கள். பல பிரதிகள் வெறும் கறுப்பு வெள்ளை, இன்னும் சிலவற்றில் சம்பந்தமே இல்லாத பியானோவை ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஜெர்மன் மூலப் பிரதிகள் அழிந்துபோயின. பிரிட்டனின் ஆவணக் காப்பகத்தில் இருந்த பழைய நைட்ரேட் படச்சுருள் பிரதி ஒன்றை வைத்து, 1990களின் கடைசியில் பிராங்பர்ட் திரைப்பட அருங்காட்சியகம் படத்தை மீட்டெடுத்தது. அதில்தான் நீல இரவும் மஞ்சள் பகலும் தீமலையின் சிவப்பும் இருக்கின்றன. வோல்ப்காங் செல்லர் இந்தப் படத்துக்கென்றே எழுதிய இசையும் அதோடு வருகிறது. முறையாக எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கிப் போடுங்கள். செலவாகும், தெரியும். டிக்கெட்டுக்கு இருபது ரூபாய் கூட வையுங்கள், நான் தருகிறேன்.

மௌனப் படம் என்பதால் பேச்சையும் கதையையும் எழுதிக் காட்டும் எழுத்து அட்டைகள் நடுநடுவே வரும். ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ வரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு? மௌனப்பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, இதோ வருகிறான் வில்லன், இதோ பாய்கிறாள் கதாநாயகி என்று உரக்கக் கதை சொல்வார். அந்த வழக்கத்தை இந்த ஒரு படத்துக்காவது திருப்பிக் கொண்டுவாருங்கள். நல்ல தமிழ்க் குரல் ஒன்று, கையில் ஒரு சின்ன விளக்கு, அவ்வளவு போதும். வாயால் சொல்லப்பட்ட கதைகள்தானே இவை, வாயால் சொன்னால் குறைந்துவிடாது. எழுத்து அட்டைகளுக்கு மட்டும் பேசச் சொல்லுங்கள். படம் முழுக்கப் பேசிக் கொன்றுவிடக் கூடாது, செல்லரின் இசைக்கு இடம் வேண்டும்.

அப்புறம், தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களைக் கூப்பிடுங்கள். ரைனிகரின் நிழலுருவத்துக்கும் நம் பாவைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்லி யாரும் பெருமை அடிக்க வேண்டாம், அப்படி ஒன்றும் இல்லை. அவருடையது ஒளி ஊடுருவாத கறுப்பு, அதனால் உருவத்தின் விளிம்புதான் நடிக்கிறது. நம்முடையது பதப்படுத்திய ஆட்டுத்தோலில் வரைந்த வண்ணம், ஒளி அதற்குள்ளேயே புகுந்து வரும். அங்கே ஓர் அசைவுக்கு மணிக்கணக்கு. இங்கே ஒருவரே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, இராமனுக்கும் இராவணனுக்கும், கோமாளிகளான உளுவத்தலையனுக்கும் உச்சிக்குடும்பனுக்கும் குரல் மாற்றி மாற்றிப் பேசி, அந்த நிமிடத்திலேயே ஆட்டிக் காட்டுகிறார். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்த்தால் நிழல் என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு மனிதர்கள் எவ்வளவு தூரம் வேறு வேறு திசையில் போயிருக்கிறார்கள் என்பது தெரியும்.

ஒரு நிபந்தனை. குத்துவிளக்கு ஏற்றிய கையோடு பத்து நிமிடம் ஆடச் சொல்லி, பொன்னாடை போர்த்தி, கும்பிட்டு அனுப்பிவைக்கும் வழக்கம் இங்கே வேண்டாம். ஒரு மணி நேரப் படம் என்றால் ஒரு மணி நேரக் கூத்து. ஐரோப்பியப் பிரதிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ, அதற்குக் குறையாமல் கூத்துக்குழுவுக்கும் கொடுங்கள். போஸ்டரில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். பாவையைத் திரைக்கு முன்னாலிருந்து பார்த்து முடித்த பிறகு, விருப்பப்பட்ட பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க விடுங்கள், கலைஞர் சம்மதித்தால்.

மே மாதம் கைகூடாமல் போயிருந்தால் பாதகமில்லை. ரைனிகர் பிறந்தது 1899 ஜூன் 2. பாரிஸில் படம் வெளியானது 1926 ஜூலையில். அதுவும் தவறினால் இந்த நூற்றாண்டு நிறைவு வருடத்துக்குள் வரும் எந்த ஞாயிறானாலும் சரி, மழை இல்லாத மாதமாகப் பாருங்கள், கூத்துக்குழுவினர் தோல்பாவைகளைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் வர வேண்டியிருக்கும். கதை சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். குரல் சுமார்தான். சூனியக்காரி வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நன்றாகச் செய்வேன்.

அன்புடன்,
பின்வரிசைப் பார்வையாளன்