உபினில் கேட்ட பத்து மணிச் செய்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அன்றைக்கு போனில் சொல்ல ஆரம்பித்தேன், நீ வேலைக்குக் கிளம்பும் நேரம், பாதியில் நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். போன சனிக்கிழமை புலாவ் உபின் தீவுக்குப் போயிருந்தேன். நம் புளோக்கில் ஐந்தாம் மாடி மாமாவுக்கு ஒரு தமிழ்த் தொலைக்காட்சி நாடகத்தில் கூட்டத்தில் நிற்கிற வேடம் கிடைத்திருந்தது, துணைக்கு வாங்க என்று கூப்பிட்டார். சாங்கி ஜெட்டியில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு எடுப்பார்கள், தலைக்கு 4 வெள்ளி. அன்றைக்குக் காத்திருக்கவே இல்லை, நாடகக்காரர்களே இரண்டு படகு நிறைய இருந்தார்கள்.

கதை 1965 இல் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், நடக்கிறது. தகரக் கூரை போட்ட பழைய பலகை வீடு ஒன்றை எடுத்துக்கொண்டு, வாசலில் மண்ணெண்ணெய் டின், பீங்கான் தட்டு, கொடியில் கைலி, திண்ணையில் ஒரு பெரிய வானொலிப் பெட்டி எல்லாம் வைத்திருந்தார்கள். மாமாவின் கைக்கடிகாரத்தையும் கைத்தொலைபேசியையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். நான் அந்த வீட்டைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நடக்காமல் நின்றுவிட்டேன். செம்பவாங்கில் நாங்கள் இருந்த வீடு அப்படியேதான் இருக்கும், படி மட்டும் இடது பக்கம். அதை இடித்த அன்று நான் போகவில்லை. நாங்கள் ஏற்கனவே யீஷூனுக்கு மாறிவிட்டோம், வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேலை இல்லை. இதை உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

படம் பிடித்தது ஆகஸ்ட் 9 காட்சி. காலை பத்து மணிக்கு வானொலியில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த செய்தி வருகிறது, கம்பமே திண்ணையைச் சுற்றி நின்று கேட்கிறது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தலைக்கு மேல் விமானம்! எதிர்க்கரையில்தானே சாங்கி விமான நிலையம், அது திறந்ததே 1981 இல். ஒலிப்பதிவு செய்கிற தம்பி கையைத் தூக்கினால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும், சத்தம் போனதும் மறுபடி முதலிலிருந்து. பதினொரு முறை எடுத்தார்கள். பதினொரு முறையும் அந்தக் கதாநாயகிப் பிள்ளை நிஜமாகவே அழுதது. வெயிலில், கொசுக்கடியில், ஒரு முகச்சுளிப்பு இல்லை. எனக்கு அந்தப் பிள்ளைமேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஆனால் பாப்பா, எங்கள் கம்பத்தில் யாரும் அழவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்குத் திங்கட்கிழமை. அம்மா பொதுக்குழாயில் துணி துவைத்துக்கொண்டிருந்தார், மூலைக்கடை வானொலியில்தான் செய்தி வந்தது, கடைக்காரர் வெளியே வந்து எல்லாருக்கும் சொன்னார். அம்மா கையில் சோப்பு நுரையோடு எழுந்து நின்று, "அப்ப ஜொகூருக்குப் போயி தங்கச்சிய பாக்கலாமா, முடியாதா?" என்று கேட்டார். ஜொகூர் மலேசியாப் பக்கம் போய்விட்டதே. அவ்வளவுதான். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை. நேவல் பேஸில் வேலை முடிந்து வந்த அப்பாவிடமும் அதையேதான் கேட்டார், அப்பாவுக்கும் தெரியவில்லை. ராத்திரி தொலைக்காட்சியில் பிரதமர் கண் கலங்கியதை ஊரே பேசியது. எங்கள் வீட்டில் டிவி இல்லை, எனக்கு நினைவில் இருப்பது அம்மாவின் அந்தக் கேள்விதான்.

சாப்பாட்டு நேரத்தில் உதவி இயக்குநரிடம் போய் இதைச் சொன்னேன். உன் வயதுதான் இருக்கும், குட்டை முடி, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வேறொன்று சொன்னேன்: கடைக் காட்சிக்கு வைத்திருந்தது ஆர்க்கிட் பூப் போட்ட சிங்கப்பூர்ப் பண நோட்டு, அது 1967 இல்தான் வந்தது, 1965 இல் எங்கள் கையில் இருந்தது மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நோட்டு. உடனே ஒரு பையனைக் கூப்பிட்டு அந்தப் பணத்தை எடுக்கச் சொன்னது. அப்புறம் அம்மா கேட்டதைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அங்கிள், இன்னொரு தடவ சொல்லுங்க, அவங்க சொன்ன மாதிரியே" என்று நோட்டில் எழுதிக்கொண்டது. நாடகத்தில் வருமோ வராதோ, எழுதிக்கொண்டதே எனக்குப் போதும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொடியை அவிழ்த்து, வானொலிப் பெட்டியைத் துணியில் சுற்றி, டின்களை அடுக்கி, அரை மணி நேரத்தில் வாசல் காலி. மாமா படகுக்கு அவசரப்படுத்தினார். நான் கடைசி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அம்மாவின் தங்கச்சி யார் என்று யோசிப்பாய். உன் கல்யாணத்துக்கு ஒரு டின் முறுக்கோடு பஸ்ஸில் வந்தாரே, ஜொகூர்ப் பாட்டி, அவர்தான். 1967 இல் எல்லையில் பாஸ்போர்ட் கேட்க ஆரம்பித்ததும், அவரைப் பார்க்கவென்றே உன் பாட்டி ஒன்று எடுத்தார். மேற்கு மலேசியாவுக்கு மட்டும் போகிற பாஸ்போர்ட், கையெழுத்து போடத் தெரியாது, கைநாட்டு வைத்தார். அதைப் பழைய பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தேன், எல்லாப் பக்கத்திலும் ஜொகூர் பாரு முத்திரைதான். படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன், பெரிதாக்கிப் பார். டிசம்பரில் மெல்பர்னிலிருந்து வரும்போது அதை நீயே எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா