பொது லேத்தில் நிறுத்தும் மின்சுற்றே முதல் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

பலர் சேர்ந்து பயன்படுத்தும் பட்டறைக்குப் பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வந்து சேர்ந்தால், உடனே எழும் பேச்சு மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியான வி.எஃப்.டி. டிரைவ் மாட்டுவது பற்றித்தான். சிங்கிள் பேஸ் இணைப்பிலேயே த்ரீ பேஸ் மோட்டார் ஓடும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நல்லதுதான். ஆனால் பல கைகள் படும் இயந்திரத்தில் முதல் செலவு அதை நிறுத்தும் மின்சுற்றுக்கே போக வேண்டும்.

பழைய லேத்துகள் பலவற்றில் இருப்பது வெறும் திருகு சுவிட்ச். மின்சாரம் போனாலும் அது ஆன் நிலையிலேயே நிற்கும். யாரோ சக்கில் (வேலைப்பொருளைப் பிடிக்கும் தலை) சாவியை வைத்திருக்கும்போது மின்சாரம் திரும்பினால் லேத் தானாகச் சுழலும். கான்டாக்டர் ஸ்டார்ட்டர் (மின்காந்தக் காயிலால் இயங்கும் சுவிட்ச்) போட்டால், மின்சாரம் போனதும் காயில் விட்டுவிடும். பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கே வைக்க வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதை ஏற்றிவைப்பவர்கள் கடைசியில் எரிந்த மோட்டாரோடு காயில் கட்டுபவரிடம்தான் போய் நிற்பார்கள். எமர்ஜென்சி பட்டன் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகையாக, நார்மலி குளோஸ்டு இணைப்பில் (அழுத்தாதபோது மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது), சக்கைத் தாண்டிக் கை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். அப்போது அதன் வயர் அறுந்தாலும் லேத் நின்றுவிடும்.

சக்கைச் சுழற்றும் தண்டைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து முன்னதாகவே பார்த்துவிடுங்கள். அதிர்வோடு கடையும் லேத்தை எந்த டிரைவும் திருத்தாது. மோட்டாரை 500 வோல்ட் மெகரால் (காயிலின் மின்காப்பை அளக்கும் கருவி) சோதியுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் உலர்த்தி மறுபடி பாருங்கள். டிரைவ் இணைப்பில் இருக்கும்போது மெகர் போட்டால் டிரைவ் போய்விடும்.

டிரைவ் மாட்டிய பிறகு ‘லேத்தில் பலமே இல்லை’ என்ற புகார் வந்தால், பெரும்பாலும் மோட்டார் ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு முனை ஒரே முடிச்சில் சேர்வது) இருக்கும். 230 வோல்ட் சிங்கிள் பேஸ் டிரைவ் வெளியே தருவதும் 230 வோல்ட் த்ரீ பேஸ்தான். பெயர்ப்பலகையில் 230/400 (டெல்டாவில் 230, ஸ்டாரில் 400 வோல்ட்) என்று இருந்தால், காயில்களை முக்கோணமாக இணைக்கும் டெல்டாவுக்கு மாற்றியாக வேண்டும். ஸ்டாரிலேயே விட்டால் இழுவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஸ்டார் முடிச்சு மோட்டாருக்குள்ளேயே இருந்தால், அதைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுப்பது காயில் கட்டுபவரின் வேலை.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய பார்வர்டு ரிவர்ஸ் சுவிட்சை விட்டுவைக்கக் கூடாது. ஓட்டத்தில் அதைத் திருப்பினால் டிரைவின் வெளியீட்டுப் பகுதி எரியும். அந்தச் சுவிட்சை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்கு (கட்டளை வயர்கள் சேரும் முனை) மாற்றலாம், ஆனால் கவனமாக: ஆன் நிலையில் நிற்கும் சுவிட்சை அப்படி இணைத்தால், சில டிரைவ்கள் மின்சாரம் வந்ததும் மோட்டாரை ஓட்டிவிடும். ஸ்டார்ட்டர் போட்டுத் தடுத்த ஆபத்து பின்வாசல் வழியே திரும்பிவிடுகிறது. மூன்று வயர் முறையில், கை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும் ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்களை இணைத்து, ஆட்டோ ரீஸ்டார்ட்டை அணைத்துவையுங்கள்.

டிரைவ் வந்ததும், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் பெல்ட் புல்லியையும் பேக் கியரையும் கழற்றி வீசுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை 25 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அது தரும் சக்தியும் பாதிதான். அதே தண்டில் உள்ள விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால், கனமான வெட்டில் மோட்டார் சூடேறும். மறுபுறம், பேரிங்காக வெண்கலப் புஷ் உள்ள ஹெட்ஸ்டாக்கை அதன் பழைய உச்ச வேகத்துக்கு மேல் ஏற்றக் கூடாது.

தண்டின் மரையில் திருகி ஏற்றும் சக் என்றால் இன்னொன்று. டிரைவ் சட்டென்று நிறுத்தினால், சக் தன் வேகத்திலேயே மரை கழன்று வந்துவிடும். நிற்கும் நேரத்தை 5 வினாடியில் தொடங்கி, தேவை பார்த்து மாற்றலாம். ரிவர்ஸிலும் சக் கழலலாம் என்பதால் அதை முற்றிலும் முடக்கிவிடுவது நல்லது.

டிரைவ் மூடியைத் திறப்பவர்கள் மெயினை அணைத்த பிறகும், உள்ளே மின்சாரத்தைச் சேமித்திருக்கும் கெபாசிட்டர் மின்னிறக்கம் அடைய டிரைவின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். வைத்த அமைப்புகளை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டி, டிரைவைக் கடவுச்சொல்லால் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் வேறொருவர் மாற்றியிருப்பார்.

இப்படிக்கு,
பொதுப் பட்டறை ஒன்றின் பராமரிப்புக் குழுவினர்