நாகலிங்க மரத்தடியில் இருந்து ஒரு நன்றி மடல்

தண்ணீர்மலைப் பக்கம் ஞாயிறு காலை நடக்க வருகிறவர்களுக்கு எங்களைத் தெரிந்திருக்கும். பினாங்கு தாவரவியல் பூங்காவின் வாசலருகே, நாகலிங்க மரத்தடியில், கழுத்தில் தொலைநோக்கியும் கையில் குறிப்பேடுமாக ஏழு மணிக்குக் கூடும் சிறு கூட்டம். ஒரே பாதையில் நடந்து, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி எழுதுகிறோம். இந்த மாதத்தோடு அதற்கு ஓராண்டு நிறைகிறது. ஒரு வாரம்கூட விட்டதில்லை. அக்டோபர் மழையில் குடைக்குள் நின்று எழுதிய பக்கங்களில் மை கரைந்த தடம் இன்னும் இருக்கிறது.

எழுதியதை ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏற்றுகிறோம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் பறவைப் பாதுகாப்புக்கான ஆடுபன் சங்கத்தோடு சேர்ந்து 2002இல் தொடங்கிய தரவுக் களஞ்சியம் அது. எப்போது தொடங்கினோம், எவ்வளவு தூரம் நடந்தோம், எந்தப் பறவை எத்தனை என்று கேட்கும். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா என்றும் கேட்கும். அதற்கு ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால்தான் பட்டியலில் இல்லாத பறவைக்கும் பொருள் உண்டு. தேடியும் அது அன்று அகப்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் காக்கையையும் புள்ளிப்புறாவையும் வாராவாரம் விடாமல் எழுதுகிறோம்.

ஆனால் அந்தப் பட்டியலில் பார்த்தவர் பெயருக்கு மட்டுமே இடம். காட்டிக்கொடுத்தவர்களுக்கும் காப்பாற்றிக்கொடுத்தவர்களுக்கும் அதில் இடமில்லை. அவர்களுக்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, பூங்காவில் சருகு கூட்டும் அக்காவுக்கு. மார்ச் மாதத்தில் ஒரு நாள் மூங்கில் புதர் ஓரமாக நடந்தபோது, “டீச்சர், அங்கே கால் வைக்காதீர்கள்” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் நீட்டிய இடத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்த பிறகே, சருகுகளில் ஒன்று மெல்ல மூச்சுவிடுவது புலப்பட்டது. பக்கி என்கிற இராப்பறவை! கண்ணைக் கோடாக மூடிக்கொண்டு, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அந்தியில் மரத்தில் கோடாரி விழுவதுபோல் ‘டொக், டொக்’ என்று கூப்பிடுமே, அதுதான். அதற்குக் கூடு கிடையாது. வெறும் மண்ணில் முட்டையிட்டு அதன்மேல் அமர்ந்துகொள்ளும்.

அக்கா கெடாவில் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன் அம்மாவோடு ரப்பர் பாலுக்காக மரம் சீவப் போகும்போது, தலைவிளக்கு வெளிச்சத்தில் இந்தப் பறவையின் கண்கள் கங்குபோல் மின்னுமாம். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் கண்டுகொண்டார். அதோடு நிற்கவில்லை. தன் ஈர்க்குமாற்றைத் தலைகீழாக மண்ணில் ஊன்றி அடையாளம் வைத்தார். காற்று ஊதும் இயந்திரத்தோடு வரும் தம்பிகளிடம் பேசினார். மேற்பார்வையாளரிடமும் சொல்லி வைத்தார். மூன்று வாரம் அந்த இடத்தில் சருகு கூட்டவில்லை. இரண்டு குஞ்சுகள் வெளிவந்தன. மண் நிறத்தில் இரண்டு பஞ்சு உருண்டைகள். நாங்கள் தூரத்திலிருந்துதான் பார்த்தோம். இடத்தை வெளியே சொல்லவும் இல்லை. படத்துக்காக முட்டை அருகே போகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

அடுத்து, தன் பழைய தொலைநோக்கியைத் தந்துவிட்டுப் போன சீன அங்கிளுக்கு. மைனா என்றால் எல்லாம் ஒன்றே என்று முதல் இரண்டு மாதம் எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருந்தால் நம் மைனா. உடல் கருஞ்சாம்பலாகி, அலகின் மேல் சிறு கொண்டை சிலிர்த்து நின்றால் ஜாவா மைனா என்று பொறுமையாகக் காட்டியவர் அவர். ஜாவா மைனா இங்கே மனிதரால் வந்து பெருகிய பறவை. தன் சொந்தத் தீவிலோ கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டுக் குறைந்துவருகிறது. இரண்டையும் பிரித்து எழுதாத பட்டியலால் யாருக்கும் பயனில்லை என்று அவர் சொன்ன அன்றே, படம் இருந்த பதிவுகளைத் திருத்தினேன். படமில்லாதவற்றை ‘ஏதோ ஒரு மைனா’ என்று மாற்றினேன்.

கொண்டைக்குருவி 11 என்பதை 110 என்று ஏற்றிவிட்ட வாரம், “எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியுமா?” என்று பணிவாகக் கடிதம் எழுதிய தன்னார்வச் சரிபார்ப்பாளருக்கும் நன்றி. முகம் தெரியாத அவர் இப்படி எத்தனை பேருடைய பட்டியல்களைச் சம்பளமில்லாமல் படிக்கிறாரோ!

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இரவுக் காவல் பார்க்கும் நேபாளத்துத் தம்பியை எப்படி மறப்பேன்? அக்டோபரில் ஒரு விடியற்காலை, கண்ணாடியில் மோதி விழுந்த பறவை ஒன்றைக் காலணிப் பெட்டியில் வைத்து, மூடியில் துளையிட்டு, என்னைக் கூப்பிட்டார். பெட்டிக்குள் நீலச்சிறகு பிட்டா. தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்பார்களே, அதன் உறவு. கண்ணோரம் கறுப்புப் பட்டை, முதுகில் பச்சை, வாலடியில் சிவப்பு. இவை இரவில் வலசை போகின்றன. மாடி விளக்குகளில் தடுமாறிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதுகின்றன. தண்ணீரை வாயில் ஊற்றாமல், இருட்டில் சும்மா விட்டுவைத்ததுதான் அவர் செய்த பெரிய உதவி. ஒன்பது மணிக்குப் பூங்காவின் காட்டோரம் பெட்டியைத் திறந்தோம். ஒரு கணம் எங்களைப் பார்த்தது. இரண்டு தத்தல்; சருகுக்குள் மறைந்தது. அவர் எடுத்த படத்தை, உயிரினங்களைப் படத்தோடு பதிந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினோம். நாங்கள் சொன்ன பெயரை வேறொருவரும் ஒப்புக்கொண்டதும் அது ‘ஆய்வுத் தரம்’ பெற்றது. இப்போது அந்தத் தம்பி தன் மாடியின் நடைபாதை விளக்குகளை நள்ளிரவுக்குப் பின் குறைக்க நிர்வாகத்திடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறார்.

மழை நாள்களில் மேசை பிடித்து வைத்த ரொட்டி சானாய்க் கடை அண்ணனுக்கும், பிள்ளைகளை அழைத்துவந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும், தேன்சிட்டுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

வரும் ஞாயிறும் அதே மரத்தடி, அதே ஏழு மணி. அக்காவுக்கு அன்று விடுமுறை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு, ஈர்க்குமாறு இல்லாமல் எங்களோடு நடக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கிள் தந்த தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்து, வாரைச் சிறுமியின் கழுத்தளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ஞாயிறு குழுவின் குறிப்பேட்டுக்காரி