220-இல் வயதைக் கழித்தால் போதுமா?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 220-இலிருந்து என் வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு வருமாம், நான் நடக்கும்போது நாடித்துடிப்பு அந்த எண்ணைப் பக்கத்தில்கூட நெருங்குவதில்லையே, பயிற்சி போதவில்லையோ என்று கவலைப்பட்டிருந்தாய். அந்தக் கணக்கு நோயில்லாதவர்களுக்கே தோராயமானதுதான். மாரடைப்புக்குப் பின் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிற என்னைப் போன்றவனுக்குப் பொருந்தவே பொருந்தாது. இதயம் வேகமெடுக்காமல் அடக்கி வைப்பதே அந்த மாத்திரையின் வேலை. அதை மீறி உன் எண்ணை எட்டிப்பிடிக்க முயன்றால் சிரமம் என் இதயத்துக்குத்தான்.

எனக்கான துடிப்பு வரம்பை, இதய நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் இதய மறுவாழ்வுப் பிரிவில் வேறுவிதமாகக் குறித்தார்கள். மாத்திரையை வழக்கம்போல் சாப்பிட்ட நிலையிலேயே, ஈ.சி.ஜி. பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, நாடி எதுவரை உயர்கிறது என்று கண்டார்கள். கணக்கு புரிவதற்காகச் சொல்கிறேன்: நிமிடத்துக்கு ஓய்வில் 60 துடிப்பு, சோதனையின் உச்சத்தில் 120 என்றால் இடைவெளி 60, அதில் 40 முதல் 70 விழுக்காட்டை எடுத்து ஓய்வுநேர எண்ணோடு கூட்டினால் 84 முதல் 102 வரை என்று வரும். சோதனையில் நெஞ்சுவலியோ ஈ.சி.ஜி.யில் மாற்றமோ தென்பட்டால், அது தொடங்கிய துடிப்புக்குச் சுமார் 10 குறைவாகவே மேல்வரம்பை வைப்பார்கள்.

இத்தனைக்கும் மேலே எங்கள் பிசியோதெரபிஸ்ட் நம்புவது சுவரில் ஒட்டியிருக்கும் ஓர் அட்டையைத்தான். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அந்த அளவுகோல் சிரமமே இல்லாத 6-இல் தொடங்கி உச்சபட்சச் சிரமமான 20-இல் முடியும். சிரமம் எவ்வளவு என்று நடப்பவரே ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் 12 முதல் 14-க்குள் இருக்கச் சொல்கிறார்கள். மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடிகிறதா என்று பார்ப்பது அதைவிட எளிது, கருவி எதுவும் வேண்டாம்.

தொடக்கத்தில் 15 நிமிடம் மெதுவாக உடலைச் சூடேற்றுவதும் முடிவில் 10 நிமிடம் படிப்படியாகத் தணிப்பதும் வீண் என்று உடன் வருகிறவர்களில் சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கோ, நேரம் குறைவாக இருக்கும் நாளில் நடுவில் இருக்கும் வேகநடையைச் சுருக்கலாமே தவிர இந்த இரண்டையும் தொடக்கூடாது என்றே படுகிறது. முன்னது இதயத் தமனிகள் விரிந்துகொடுக்க அவகாசம் தருகிறது. வேகநடையைச் சட்டென்று நிறுத்தினால் கால் தசைகளில் விரிந்திருக்கும் நாளங்களிலேயே இரத்தம் தேங்கி, அழுத்தம் இறங்கி, தலை சுற்றும். துடிப்பு தாளம் தப்பவும் வாய்ப்பு அதிகம்.

எடை தூக்கும் பயிற்சியும் உண்டு. தம் பிடிக்காமல், தூக்கும்போது மூச்சை விட்டபடி, 10 முதல் 15 முறை தூக்கக்கூடிய இலேசான எடை போதும். பைபாஸ் செய்துகொண்ட உன் பெரியப்பாவுக்கு மட்டும் மார்பெலும்பு கூடும் வரை, ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு, இது கிடையாது.

நான் படுத்தே இருக்க வேண்டும் என்று உன் அம்மா இன்னமும் நினைக்கிறாள். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான், வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழவிடவில்லை. அமெரிக்காவில் இதய மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் மாரடைப்பு நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து எழுதியது 1952-இல். முறையான பயிற்சி இதயநோயால் ஏற்படும் இறப்பையும் மறுபடி மருத்துவமனையில் சேரும் தேவையையும் குறைக்கிறது என்று இன்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவளிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்.

காய்ச்சலடிக்கும் நாளில் நான் போவதில்லை. நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி உட்கார வேண்டும், நெஞ்சு இறுக்கமானால் அதற்கெனத் தந்திருக்கும் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மேற்பார்வையில் நடக்கும் 12 வாரம் முடிந்ததும் மறுபடி ட்ரெட்மில் சோதனை செய்து வரம்பை மாற்றி எழுதுவார்கள். அதுவரை கைக்கடிகாரத்தைப் பார்த்து என்னை வேகமாக நடக்கச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா